அண்ணனின் கட்டியில் இருப்பது உங்கள் ரத்தத்தில் இல்லை

கேள்வி: எனக்கு வயது 46. சிங்கப்பூரில், யீஷூனில் வசிக்கிறேன். என் அண்ணனுக்கு 54 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கிறது. கட்டியின் பரிசோதனை அறிக்கையில் ‘கேராஸ் மரபணு மாற்றம் உள்ளது’ என்று போட்டிருக்கிறது. “இது உங்கள் குடும்ப ரத்தம்” என்கிறார் அண்ணி. எனக்கும் என் இரு மகன்களுக்கும் இந்தச் சோதனை தேவையா?

பதில்: தேவையில்லை. அண்ணியின் கோபம் புரிகிறது, ஆனால் பழி இடம் மாறி விழுந்திருக்கிறது. இந்த மாற்றம் பெற்றோர் கொடுத்ததல்ல. அண்ணனின் குடலில் ஏதோ ஒரு செல்லில், அவர் வாழ்நாளில் நேர்ந்தது.

பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாள்களிலேயே உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. செல் பிரியும்போதெல்லாம் டிஎன்ஏ முழுவதும் படியெடுக்கப்படுகிறது. பிழை விழத்தான் செய்யும். அநேகமாக உடம்பே திருத்திக்கொள்ளும். தப்புபவற்றிலும் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. ஆபத்து, குறிப்பிட்ட சில மரபணுக்களில் பிழை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும்போதுதான். பெரும்பாலும் முதலில் பழுதாவது, வளர்ச்சியை அடக்கிவைக்கும் ஏபிசி மரபணு. அப்போது பாலிப் என்ற சிறு சதைவளர்ச்சி உண்டாகிறது. அடுத்து கேராஸ். ‘வளர்’ என்று வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை உள்ளே கடத்திவிட்டு அடங்கிவிட வேண்டிய புரதம் அது. மாற்றம் விழுந்துவிட்டால், விரலை எடுத்த பிறகும் அழுந்தியே நிற்கும் வாசல் அழைப்புமணிபோல ஓயாது. யாரும் அழைக்காமலே செல் பெருகுகிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 40 விழுக்காட்டில் இதைக் காண்கிறோம். கெட்டுப்போன செல்லை நிறுத்தும் டிபி53 மரபணுவும் செயலிழந்தால், பாலிப் புற்றாக மாறுகிறது. இத்தனைக்கும் பொதுவாகப் பத்தாண்டு வரை ஆகும்.

பிறகு எதற்கு அந்தச் சோதனை? மருந்தைத் தேர்ந்தெடுக்க. நோய் பரவிய நிலையில் கொடுக்கும் செட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் கேராஸ் மாறிய கட்டியில் பொதுவாகப் பலிக்காது.

அந்த அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியது வேறு வரி: ‘எம்எம்ஆர்’. படியெடுப்புப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் அவை. ஏதேனும் ஒன்று ‘இல்லை’ என்றிருந்தால், லிஞ்ச் எனப்படும் பரம்பரைக் கோளாறா என்று அண்ணனின் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 100க்கு 3 பேர் அளவில்தான் அது இருக்கிறது. ஆனால் இருந்தால், உடன்பிறந்த உங்களுக்கும் இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மரபணு ஆலோசனை அப்போதுதான் தேவைப்படும்.

அது இல்லையென்றாலும் நீங்கள் சும்மா இருக்கக்கூடாது. 50 வயதில் எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படும் மலப் பரிசோதனை உங்களுக்குப் போதாது. உடன்பிறந்தவருக்கு 60 வயதுக்குள் இந்நோய் வந்திருந்தால், 40 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, தொடங்க வேண்டும். ஆறு ஆண்டு தாமதமாகிவிட்டது. பலதுறை மருந்தகத்தில் அண்ணனின் வயதையும் நோயையும் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள், மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். பாலிப் இருந்தால் பெரும்பாலும் கொலோனோஸ்கோப்பியின்போதே அகற்றிவிடுவார்கள். முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பெரும்பாடு. பரிசோதனை பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.