பழுத்த இலையும் கொல்லைப் பறவையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிக்குக் குடிவந்து மூன்று வருடமாகிறது. அக்டோபர் வந்தாலே எல்லோரும் இலை பார்க்க மலைப்பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். போன வாரம் நாங்களும் நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனோம். அதற்கு முந்தைய இரண்டு நாள் மழைக்காற்றில் பாதி இலை கொட்டிப்போயிருந்தது. மிச்ச நேரம் நெரிசலில் போயிற்று. வீடு திரும்பிக் காரை நிறுத்தியதும் என் ஏழு வயது மகன், "அம்மா, நம்ம வீட்டு மேப்பிளும் சிவப்பாத்தானே இருக்கு, எதுக்கு அவ்வளவு தூரம் போனோம்?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. கோடையில் எங்கள் கொல்லையில் அத்தனை பறவைச் சத்தம் இருந்தது. இப்போது ஒன்றுமே கேட்பதில்லை. எல்லாம் தெற்கே போய்விட்டனவா? பக்கத்திலேயே இருந்துகொண்டு இந்தப் பருவத்தை ரசிக்க முடியுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். மலைச்சரிவு முழுக்க நிறம் மாறி நிற்பதைப் பார்ப்பது பெரிய அனுபவம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள். இலை பழுப்பதோ பல வாரம் நடக்கிற வேலை. அதை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் தினமும் கண்ணில் படுகிற ஒரு மரம் வேண்டும். அது உங்கள் வாசலிலேயே நிற்கிறது.

காய் பழுப்பதைப் போலத்தான் இலையும் பழுக்கிறது என்று நம் மொழி சொல்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம், ஏனென்றால் மரத்துக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுகிறது. இலையில் உள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், கோடை முழுக்க அதற்கு அடியிலேயே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. அது முன்பே இருந்த நிறமில்லை. இலையில் தங்கிப்போன சர்க்கரையைக் கொண்டு மரம் அந்தக் கடைசி வாரங்களில் புதிதாகச் செய்வது. உதிரப்போகிற இலைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டால், சத்தை இழுத்து முடிக்கும்வரை வெயிலின் உக்கிரம் இலையைக் கெடுக்காமலிருக்க ஒரு குடை மாதிரி என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கங்களில் ஒன்று. பகலில் நல்ல வெயில், இரவில் உறைந்துபோகாத குளிர் என்று நாலு நாள் அமைந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும்.

இதை உங்கள் மகன் கண்ணாலேயே பார்க்கலாம். மேப்பிளின் வெயில் படுகிற பக்கத்துக்குக் கூட்டிப்போய், ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கிற இரண்டு இலைகளைத் தேடச் சொல்லுங்கள். மேல் இலையை மெல்ல விலக்கிப் பாருங்கள். அடியில் இருக்கும் இலை சிவந்திருக்கும், ஆனால் மறைந்திருந்த இடம் மட்டும் மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ நிற்கும். மேல் இலையின் ஓரத்துப் பல் பல்லான வளைவுகள்கூட அப்படியே பதிந்திருக்கும். வெயில் பட்ட இடத்தில்தான் சிவப்பு உண்டாகிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி கிடையாது. நான் முதன்முதலில் இதைப் பார்த்த அன்று அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் பறவைகள். எல்லாம் போய்விடவில்லை. கோடையில் நீங்கள் கேட்டதில் பெரும்பகுதி பாட்டு: இது என் இடம், வேறு எவனும் வராதே என்று ஆண் பறவை பாடுவது. குஞ்சு பொரித்து வளர்த்து முடிந்ததும் அந்தப் பாட்டுக்குத் தேவை குறைந்துவிடுகிறது. இப்போது கொல்லையில் இருப்பது பேச்சு. சின்னச் சின்ன 'டிக்', 'சிப்', 'ட்சீ' என்ற ஒலிகள். காலையில் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், கேட்கும்.

முதலில் கேட்க வேண்டியது கருந்தலைச் சிக்கடியின் குரல். 'சிக்-அ-டீ-டீ-டீ' என்று தன் பெயரைத் தானே சொல்லும். பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. கூப்பாட்டின் கடைசியில் எத்தனை 'டீ' வருகிறது என்று எண்ணுங்கள். ஆபத்து பெரிதாக இருந்தால் 'டீ'யும் கூடும் என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்தப் பருவத்தில் சிக்கடிகள் கூட்டமாகத் திரியும். நட்ஹாட்ச் என்ற சிறு பறவையும் சிறிய மரங்கொத்தியும் வலசை போகிற வழியில் தங்கும் வார்ப்ளர் என்ற குட்டிப் பறவைகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். அதனால் சிக்கடி சத்தம் எங்கே கேட்கிறதோ அந்த மரத்தைப் பொறுமையாகப் பாருங்கள், மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

கறுப்பு சூரியகாந்தி விதையைக் கொஞ்சம் வைத்துப் பாருங்கள். சிக்கடி ஒரே ஒரு விதையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகும். இரண்டு காலுக்கும் நடுவில் அதை அழுத்திப் பிடித்து, சுத்தியலால் தட்டுவதுபோல டொக் டொக்கென்று கொத்தி உடைக்கும். சில விதைகளைத் தின்னாது. மரப்பட்டை இடுக்கில் சொருகிவிட்டு வந்துவிடும். ஒரு குளிர்காலத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கான விதைகளைத் தனித்தனி இடத்தில் ஒளித்துவைக்கிறது, பல வாரம் கழித்துப் போய் எடுக்கவும் செய்கிறது. பக்கத்தில் ஓக் மரம் இருந்தால் நீல ஜே என்ற பறவையையும் கவனியுங்கள். தொண்டையிலும் வாயிலும் அலகு நுனியிலுமாக ஐந்து ஓக் கொட்டைகள் வரை அடக்கிக்கொண்டு பறக்கும். மண்ணில் புதைத்துவிட்டு எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. ஓக் காடுகள் பரவியதில் இந்தப் பறவைக்குப் பெரிய பங்கு உண்டு.

நிறம் பார்க்க இலை மட்டுமில்லை. இலையின் மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டு வகைப் பொருள்தான் பறவைக்கும் உணவு வழியாகப் போய்ச் சேர்கிறது. கார்டினல் அதை உடம்புக்குள் சிவப்பாக மாற்றி இறகில் ஏற்றிக்கொள்கிறது, குளிர்காலத்திலும் அந்தச் சிவப்போடு இங்கேயே இருக்கிறது. கோல்ட்ஃபிஞ்சுக்கோ மரத்தைப்போல இந்த மாதங்களில் நிறம் இறங்கும். கோடையில் எலுமிச்சை மஞ்சளாக இருந்தது இப்போது மங்கிய பழுப்பாகத் தெரியும். காணாமல் போய்விட்டது என்று நீங்கள் நினைத்த பறவை எதிரிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

போனவற்றுக்குப் பதிலாக வடக்கிலிருந்து வந்தவையும் உண்டு. சாம்பல் நிற ஜுங்கோ பறந்தால் வாலின் இரு ஓரமும் வெள்ளையாகப் பளிச்சிடும். வெண்தொண்டைச் சிட்டு சருகுக்குள் இரை தேடும். கோழி ஒரு காலை மாற்றி ஒரு காலால் கிளறும், இது இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் பின்னுக்குத் தள்ளிக் குதிக்கும். சருகு சரசரவென்று பறக்கும் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்காகவாவது வேலியோரத்துச் சருகை வாரிக் குப்பையில் போடாதீர்கள். பல அந்துப்பூச்சிகளின் புழுக்களும் கூடுகளும் அதற்குள்தான் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. அடுத்த வசந்தத்தில் குஞ்சுகளுக்கு இரை அங்கிருந்தும் வர வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஓர் அக்டோபர் காலையில் என் வீட்டு ஜன்னலில் மோதி ஒரு வெண்தொண்டைச் சிட்டு விழுந்தது. கையில் எடுத்தபோது உடம்புச் சூடு அப்படியே இருந்தது, உயிர் இல்லை. கண்ணாடியில் தெரிந்த மேப்பிளை நிஜ மரம் என்று நினைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 36 கோடி முதல் 99 கோடி வரை பறவைகள் கட்டடக் கண்ணாடிகளில் மோதிச் சாகின்றன என்று 2014-இல் ஒரு மதிப்பீடு வந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். விதைத் தட்டை ஜன்னலுக்கு மூன்றடிக்குள் வையுங்கள், இல்லையென்றால் முப்பதடிக்கு அப்பால். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது தட்டைக் கழுவிக் காயவையுங்கள், நோய் பரவுவது குறையும்.

வெளியே போக வேண்டும் என்று தோன்றினால் குளக்கரையோ நூலகத்துப் பின்புறமோ போதும். பழைய கல்லறைத் தோட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். பெரிய மரங்கள், அமைதி, கார் கிடையாது. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் 1831-இல் தொடங்கிய மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்துக்கு மரம் பார்ப்பவர்களும் பறவை பார்ப்பவர்களும் காலங்காலமாக வருகிறார்கள். இரவில் வடகாற்று வீசி விடிந்த காலையாகப் பார்த்துப் போங்கள், வலசைப் பறவைகள் அப்போதுதான் புதிதாக வந்து இறங்கியிருக்கும். குரல் அடையாளம் தெரியவில்லை என்றால் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி சொல்லிவிடும். ஆனால் முதலில் காதால் கேளுங்கள், பிறகு போனை எடுங்கள்.

மகனுக்கு ஒரு வேலை தருகிறேன். மேப்பிளில் அவன் கைக்கு எட்டுகிற கிளையில் ஓர் இலையைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். தினமும் பள்ளிக்குப் போகும்போது அதைப் பார்க்கட்டும். ஒருநாள் இலை இருக்காது. காம்பு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும், அதற்கு நேர் மேலே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மொட்டு ஒன்று இருக்கும். அடுத்த வருடத்து இலைக்கான அந்த மொட்டு கோடையிலேயே வந்துவிட்டது, இலை மறைத்துக்கொண்டிருந்தது. அது என்ன நிறம் என்று அவனிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள்.