ஹென்ரியேட்டா தெரு, 14ஆம் எண் வீடு

அன்புள்ள ஐயா,

டப்ளினில் அருங்காட்சியகமாகியிருக்கும் ஹென்ரியேட்டா தெரு 14ஆம் எண் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து மாளிகை அது. இத்தனை செலவு செய்தவர்கள் 1740களின் அழகுக்கே அதை முழுவதுமாக மீட்டிருக்கலாமே? வாடகைக் குடித்தனங்களின் மங்கிய சுவர்களை ஏன் அப்படியே விட்டுவைத்தார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வீட்டில் பிரபுக்கள் வாழ்ந்த காலத்தைவிட ஏழைகள் வாழ்ந்த காலமே நீண்டது. லூக் கார்டினர் என்ற கட்டுமான முதலாளி 1720களில் உருவாக்கத் தொடங்கிய தெரு அது. 14ஆம் எண் வீட்டில் முதலில் குடியேறியவர் மோல்ஸ்வொர்த் பிரபு. அயர்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம் இருந்தவரை பிரபுக்களுக்கு டப்ளினில் மாளிகை தேவைப்பட்டது. 1801இல் அயர்லாந்தை பிரிட்டனோடு இணைத்த ஒன்றிணைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அதிகாரம் லண்டனுக்குப் போனது, அவர்களும் போனார்கள். பிறகு வக்கீல்கள் வந்தார்கள், கடனில் மூழ்கிய பண்ணை நிலங்களை விற்றுக்கொடுத்த நீதிமன்றம் வந்தது, படைவீரர்களும் தங்கினார்கள்.

1877இல் தாமஸ் வான்ஸ் என்ற வீட்டு உரிமையாளர் அதை 19 குடித்தனங்களாகப் பிரித்தார். பிரம்மாண்டமான மாடிப்படியையே பிடுங்கிவிட்டார். படிக்கட்டு வாடகை தராது, அறை தரும். 1911 கணக்கெடுப்பின்போது அந்த ஒரே வீட்டில் 100 பேர் இருந்தார்கள். விருந்துக்கென்று கட்டிய கூடங்களில் குடும்பங்கள் சமைத்தன, தூங்கின, பிள்ளை பெற்றன. கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 1970களின் இறுதியில்தான்.

நீங்கள் சொல்கிறபடி மீட்பதென்றால் அந்த நூறு ஆண்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, வான்ஸ் அழித்த படிக்கட்டைப் புதிதாகச் செய்து பழையதுபோல் காட்ட வேண்டும். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். குடித்தனக் காலத்துச் செங்காவியும், துணிக்குப் போடும் நீலத்தின் பெயரால் அழைக்கப்படும் அந்த நீல வண்ணமும் பிரபுக் காலத்துச் சுதைவேலைப்பாட்டுக்குச் சற்றும் குறையாத வரலாற்றுச் சான்றுகள். டப்ளின் மாநகராட்சி பத்தாண்டுகளுக்கு மேல் பாடுபட்டு, 2018இல் அதைத் திறந்தபோது இரண்டையும் காப்பாற்றியிருந்தது. பிரபுக் காலத்துக் கூடங்களும் அங்கே உண்டு. நீங்கள் விரும்பும் அழகு எங்கும் போய்விடவில்லை.

வறுமை வேடிக்கைப் பொருளாகிவிடுமோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களையே தேடிப்பிடித்து அவர்களுடைய நினைவுகளைப் பதிவுசெய்து, அவற்றைக் கொண்டே அறைகளை அமைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது அந்த அச்சம் பெரிதும் நீங்கியது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே சுற்ற முடியும் என்பதும் நல்லதே. பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோக முடியாது.