ஸ்லேவ் சிலிண்டரை மாற்றிய பின் எழாத கிளட்ச் பெடல்

கேள்வி: என் காரில் இருப்பது ஹைட்ராலிக் கிளட்ச். கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்து, எண்ணெயின் அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்ததால் புதிதாக ஒன்று வாங்கி நானே மாற்றினேன். தம்பியைப் பெடலை மிதிக்கச் சொல்லி, அரை லிட்டர் பிரேக் ஆயில் தீரும்வரை ஏர் எடுத்தேன், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். அப்படியும் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடுகிறது. ஐந்தாறு முறை விடாமல் மிதித்தால்தான் கியர் விழுகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: இறக்க வேண்டாம். விடாமல் மிதித்தால் கியர் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே போதும். தேய்ந்த பிளேட் எத்தனை முறை மிதித்தாலும் தேய்ந்த பிளேட்தான். அது தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜினின் சத்தம் மட்டும் ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. உங்கள் வண்டியில் நடப்பது வேறு. எண்ணெயை அழுத்தினால் அது சுருங்காமல் அந்த விசையை மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், காற்றோ சுருங்கிக்கொள்ளும். குழாயில் நிற்கும் காற்றைச் சுருக்குவதிலேயே உங்கள் முதல் மிதி தீர்ந்துபோகிறது.

அரை லிட்டர் ஊற்றியும் காற்று ஏன் போகவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. முதலில் எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே தொட்டிதான். கிளட்ச் பக்கம் கசிந்தாலும் பிரேக்குக்கு எண்ணெய் மிஞ்ச வேண்டும் என்பதற்காக, கிளட்ச் குழாய் தொட்டியின் பக்கவாட்டில் சற்று உயரத்திலிருந்து கிளம்பும். இதனால் தொட்டியில் எண்ணெய் இருப்பதுபோல் தெரியும்போதே கிளட்ச் குழாய் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். நாலைந்து மிதிக்கு ஒரு முறை மேல்கோடுவரை நிரப்பாமல் வேலை செய்திருந்தால், ஒரு பக்கம் காற்றை வெளியேற்றிக்கொண்டே மறுபக்கம் புதுக் காற்றை உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது நிப்பிள், அதாவது காற்றை வெளியேற்ற ஸ்லேவில் இருக்கும் சிறு திருகு. காற்று மேலே ஏறும் என்பதால், ஸ்லேவைப் பொருத்திய நிலையில் நிப்பிள் அதன் உச்சியில் இருக்க வேண்டும். புதுக் கிளட்ச் செட் போட்ட பிறகும் இதே கோளாறோடு ஒரு கார் என்னிடம் வந்தது. ஸ்லேவில் இருந்த இரண்டு துளைகளுக்கும் ஒரே மரை; மாற்றியவர் மேல் துளையில் ஹோஸையும் கீழ்த் துளையில் நிப்பிளையும் பூட்டியிருந்தார். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் உச்சியில் நின்ற காற்று நகரவே இல்லை. இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டியதும் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த உரிமையாளர் அதற்குள் ஒரு முழுச் செட்டுக்குப் பணம் கட்டியிருந்தார். கழற்றிய பழைய பிளேட்டை அவரிடம் யாரும் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கினால் கூலியும் உண்டு, உதிரிபாகத்தில் கமிஷனும் உண்டு. நிப்பிளைத் திறந்து மூடுவதில் இரண்டும் இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனை சிறிது எண்ணெய் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். தொட்டியின் மூடியைத் தளர்த்தி, நிப்பிளை முக்கால் சுற்றுத் திறந்து, பெடலைத் தொடாமல் காத்திருங்கள். எண்ணெய் தானாகவே சொட்டுச் சொட்டாக இறங்கி, காற்றைக் குமிழிகளாகத் தள்ளிக்கொண்டு வரும். கால் மணி நேரமாகியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், பெடல் முழுமையாக மேலே திரும்பியிருக்கிறதா, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் தண்டுக்குச் சிறிதாவது ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கும் சிறு துளை மூடியே கிடக்கும்.

அதன் பிறகு தம்பியை அழையுங்கள். அவர் மிதித்து, ‘மிதித்துவிட்டேன்’ என்று குரல் கொடுத்த பிறகு நீங்கள் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ‘மூடிவிட்டேன்’ என்று நீங்கள் சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். மூடுவதற்கு முன்பே கால் எழுந்துவிட்டால், நிப்பிளின் மரை வழியாகவே காற்று உள்ளே போகும். பாதி வீடுகளில் வேலை கெடுவது இந்த ஒரு நொடியில்தான். பெடல் கீழேயே நின்றுவிட்டால் கையால் தூக்கிவிடச் சொல்லுங்கள். இந்த நிலையில் அது கோளாறு அல்ல.

அப்படியும் பெடல் எழாவிட்டால், ஹோஸைக் கழற்றாமல் ஸ்லேவை மட்டும் போல்ட் எடுத்து வெளியே கொண்டுவாருங்கள். ஹோஸ் சேரும் முனை மேலே இருக்கும்படி பிடித்து, அதன் தண்டை மெதுவாக உள்ளே தள்ளித் தள்ளி விடுங்கள். தொட்டியில் குமிழிகள் வருவதை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஸ்லேவ் வெளியே இருக்கும்போது பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, மிதித்தால் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

உங்கள் வண்டிக்குப் பொருந்தாது என்றாலும் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இப்போதைய பல கார்களில் ஸ்லேவ் சிலிண்டர், கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு ஒரே பாகமாக, கியர்பாக்ஸின் கூட்டுக்குள் வளையம்போல் அமர்ந்திருக்கிறது. அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அங்கே மெக்கானிக் சொல்வது நியாயம். ஆனால் கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது யாராவது விளையாட்டாகப் பெடலை மிதித்துவிட்டால், தடுக்க எதிரே எதுவும் இல்லாததால் புதுப் பாகத்தின் சீல் வெளியே தள்ளப்பட்டுவிடும். மாட்டிய பிறகும், காற்று முழுவதும் போகுமுன் பெடலைப் படபடவென்று மிதிக்கக் கூடாது. இவ்வகையில் சிலவற்றில் நிப்பிளே கிடையாது. குழாயின் கம்பிக் கிளிப்பை விடுவித்து, குழாயை முதல் தடம்வரை மட்டும் இழுத்தால் எண்ணெய் கசியும், அதுவே ஏர் எடுக்கும் வழி. இதைக் கையேட்டில் தேடினால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தை அணுகவும் என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும். கசிவைத் தடுக்கும் ஒரு ரப்பர் கப் போனால் அதை மட்டும் வாங்கி மாட்டிய காலமும் போய்விட்டது. இன்று பல மாடல்களுக்கு முழுப் பாகத்தைத்தான் தலையில் கட்டுகிறார்கள்.

எண்ணெயைப் பற்றிச் சில செய்திகள். தொட்டி மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது அச்சிடப்பட்டிருக்கிறதோ அதையே, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம் என்பதால் திறந்து வைத்த பழைய டப்பாவும், பாட்டிலில் பிடித்த எண்ணெயும் திரும்ப உள்ளே போகக் கூடாது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டால், ரப்பர் கப்புகள் ஊதிப்போய் பிரேக்கும் சேர்ந்து கெடும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் தொட்டியில் எண்ணெய் மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, வண்டியை இரவு முழுக்க விட்டுவையுங்கள். காலையில் முதல் மிதியிலேயே ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழ வேண்டும். பிறகு எதிரே ஆளில்லாத சமதளத்தில், இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வண்டி மெல்ல நகரத் தொடங்கினால், அல்லது காலடியில் மாஸ்டர் சிலிண்டரின் தண்டு நுழையும் இடத்தில் ஈரம் தெரிந்தால், மாஸ்டரின் கப்புகள் போய்விட்டன என்று பொருள். அந்த மாஸ்டரை மாற்றுவதற்கும் கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை.