கம்பெனி, ஊராட்சி, தொண்டு நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்யும் திட்டங்கள் நிலைக்குமா?

கேள்வி கேட்டவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாராம். கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணத்தில், அதாவது சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தில், தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஆர்.ஓ. பிளாண்ட், அதாவது குடிநீரைச் சுத்திகரிக்கும் மெஷின், வைக்கப் போகிறார்கள். ஊராட்சி இடம் தரும், ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும். இது நிலைக்குமா என்கிறார்.

நிலைத்ததையும் பார்த்திருக்கிறேன், பூட்டிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். பூட்டிக் கிடப்பதில் என் கையெழுத்தும் உண்டு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருடம் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். தர்மபுரியில் ஃபுளோரைடு என்றால் என்ன என்று இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பல்லில் பழுப்புக் கறை, நாற்பது வயதிலேயே மடங்க மறுக்கும் முட்டி. எல்லாம் பாறைக்குள்ளிருந்து வரும் போர் தண்ணீரின் வேலை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். எங்களிடம் ஒரு டெஸ்ட் கிட் இருந்தது. தண்ணீரில் மருந்தை ஊற்றினால், ஃபுளோரைடு குறைவென்றால் ரோஸ் நிறமாகவே நிற்கும், ஏற ஏற மஞ்சளுக்கு மாறும். ஒரு பள்ளிக்கூட வாசலில் செய்து காட்டினேன். பளிச்சென்று மஞ்சள் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அந்த ஊருக்குத்தான் பிளாண்ட் வந்தது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். ஒரு கம்பெனி மெஷினை வாங்கிக் கொடுத்தது. டேங்க் பக்கத்தில் ஊராட்சி இடம் கொடுத்தது. நாங்கள் நடத்தினோம். அஞ்சு ரூபாய் காயின் போட்டால் ஒரு கேன் தண்ணீர், 20 லிட்டர். ரிப்பன் வெட்டு, போட்டோ எல்லாம் ஆயிற்று. மூன்று வருட ஒப்பந்தம்.

மூன்று வருடமும் கரண்ட் பில் கட்டியது நாங்கள்தான். மின் சர்வீஸ் எங்கள் நிறுவனத்தின் பேரில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் சாவியைக் கொண்டுபோய் ஊராட்சி கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "சார், இது எங்க சொத்துப் பதிவேட்டுலயே இல்லையே, நான் எப்படி பில் கட்டுறது? ஆடிட்ல கேப்பாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். கம்பெனியில் கேட்டால், அடுத்த வருட நிதி வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார்கள். அதுவும் நியாயம். எங்களிடம் பிராஜெக்ட் பணம் இல்லை. மூன்று பக்கமும் நியாயம் இருந்ததால் யாரையும் திட்டக்கூட முடியவில்லை. பில் கட்டாமல் போய் ஈ.பி.காரர்கள் ஃபியூஸைப் பிடுங்கினார்கள். கொஞ்ச நாளில் தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேனும் வீண். நிறைவு அறிக்கையில் 'ஊராட்சியிடம் முறையாக ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதியவன் நான். ஒப்படைத்தது சாவியை மட்டும்தான்.

இப்போது நிலைத்த கதை. அதுவும் இதே மாவட்டம்தான்.

இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க இருக்கிற மகளிர் குழுக்கள் தொடங்கியது 1989ல், தர்மபுரியில். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, அது 2004ல்தான் பிரிந்தது. பணம் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்துடையது, பொறுப்பு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்துடையது, ஊர் ஊராகப் போய்ப் பெண்களை உட்கார வைத்துப் பேசியது தொண்டு நிறுவனங்கள். என் அம்மா பாலக்கோடு பக்கம் ஒரு குழுவில் சேர்ந்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். இருபது பேர், வாரம் பத்து ரூபாய். எழுதத் தெரிந்த ஆள் குழுவில் இல்லாததால் தீர்மான நோட்டு என் கைக்கு வந்தது.

தொண்டு நிறுவனத்திலிருந்து வரும் அக்கா ஒருவர், "தம்பி, யார் எவ்வளவு கேட்டாங்கன்னு மட்டும் எழுதாத, எதுக்குக் கேட்டாங்க, யார் வேண்டாம்னாங்க, அதையும் எழுது" என்பார். மாட்டுக்கு வைத்தியம் 300 ரூபாய். தக்காளி நாற்று 500 ரூபாய், போன கடனே பாக்கி என்று இரண்டு பேர் எதிர்ப்பு. எழுதி முடித்ததும் சத்தமாக வாசிக்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான் கையெழுத்தோ கைநாட்டோ. ஒருமுறை எதிர்ப்புச் சொன்ன பெயரை நான் விட்டுவிட்டேன். அந்தப் பெரியம்மா நோட்டை என் மடியில் திருப்பிப் போட்டார். வெளியில் அஞ்சு வட்டி, பத்து வட்டி ஓடிய காலத்தில் இங்கே ரெண்டு வட்டி. அந்த வட்டியும் குழுவுக்கே வரும். சொத்து அடமானம் இல்லாமல் இப்படிப்பட்ட குழுக்களுக்கு வங்கிக் கடன் கொடுக்கலாம் என்று, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு தன் முன்னோடித் திட்டத்தை 1992ல்தான் தொடங்கியது.

எல்லாம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பிற்பாடு குழு எண்ணிக்கைக்கு இலக்கு வைத்து, அதைப் பொறுத்துத் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்த காலத்தில் பெயருக்குக் குழுக்கள் முளைத்தன. ஒரே ஆள் இரண்டு நோட்டில் இருப்பார். அப்புறம் 2010க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களின் வேலை படிப்படியாக ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளுக்குப் போனது. அந்த அக்கா வருவது நின்றது. அம்மாவின் குழு நிற்கவில்லை, ஏனென்றால் உள்ளே இருந்தது அவர்கள் பணம், நோட்டு அவர்கள் வீட்டுப் பரணில். 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்க ஆள் தேடியது இந்த மாதிரிக் குழுக்களில்தான். பள்ளிக் காலை உணவு சமைப்பதும் குழுப் பெண்கள்தான்.

(சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993ல் தொடங்கிய மருத்துவமனை இன்னொரு வகை. ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணிக்குப் பயிற்றுவித்து, அங்கேயே தங்கிவிட்டார்கள். மூன்று வருட ஒப்பந்தத்தோடு அதை ஒப்பிடுவது சரியில்லை.)

சரி, உங்கள் பென்னாகரம் ஊருக்கு வருவோம். மெஷின் விலை கேட்பதற்கு முன் அந்த ஊருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஜப்பான் கடனில், 1,900 கோடிக்கும் மேல் செலவழித்து 2013ல் திறந்த திட்டமே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். வருகிறது என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். எங்கள் ஊரில் கோடையில் போர் தண்ணீரையும் அதே டேங்கில் ஏற்றுவார்கள், டேங்க் ஆபரேட்டரைக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார். அதனால் போரில் மட்டும் இல்லாமல் தெருக்குழாயிலும் டெஸ்ட் எடுங்கள், கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. கலப்பதுதான் பிரச்சினை என்றால் ஆர்.ஓ.வே வேண்டாம், கூடுதலாக ஒரு டேங்கும் தனிக் குழாயும் போதும். ஆர்.ஓ. வைத்தால் அது வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் அதிகம். அதை எந்தப் பள்ளத்தில் விடப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.

அப்படியும் வைப்பதென்றால் மின் சர்வீஸை முதல் நாளே ஊராட்சியின் பேரில் வாங்கச் சொல்லுங்கள், பிளாண்டைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். காயின் பணம் எந்தக் கணக்குக்குப் போகும், மெம்பிரேனுக்கு அதில் எவ்வளவு ஒதுக்குவது என்பதைக் கிராம சபைத் தீர்மானமாகவே போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று சபை கூடும் நாட்கள் உங்களுக்கே தெரியும். தீர்மானத்தை எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.