ஹுவே அரண்மனையின் புது மெருகு

வணக்கம் சார்,

குடும்பத்தோடு வியட்நாம் போய்வந்தோம். பழைய பேரரசின் தலைநகரம் என்பதால் ஹுவேவுக்கும் ஒரு நாள் ஒதுக்கினோம். ஏமாற்றம்தான். சிம்மாசன மண்டபம் நேற்றுக் கட்டியது போல சிவப்பும் தங்கமுமாகப் பளபளக்கிறது. கோட்டைக் கடைசியில் இருக்கும் அரண்மனை, இப்போதுதான் கட்டி முடித்ததாம். சிம்மாசனமே நகல் என்றார் வழிகாட்டி. நடுவில் வெறும் புல்தரை. ஹம்பியில் இடிந்தது இடிந்தபடி கிடக்கிறது, அதில் ஓர் உண்மை இருக்கிறது. இது சினிமா செட் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஹம்பியில் நீங்கள் பார்த்தது கல். ராயர்களின் அரண்மனைகளுக்கு மேல்கட்டு மரம்தான். அது போய்விட்டது, மேடைகள் மட்டும் மிஞ்சின. ஹுவேயில் அரண்மனை என்றாலே மரம். விட்டுவைத்தால் அங்கேயும் மேடைதான் மிஞ்சும்.

நுயென் வம்சத்தின் 13 மன்னர்கள் 1802 முதல் 1945 வரை அங்கிருந்து ஆண்டார்கள். நீங்கள் பார்த்த தாய் ஹோவா மண்டபத்தை 1805இல் கட்டியவர் முதல் மன்னர் ஜா லாங். அவர் மகன் மின் மாங் 1833இல் அதை இப்போதைய இடத்துக்கு மாற்றினார். அதாவது மன்னர்கள் இருந்த காலத்திலேயே அது இடம்பெயர்ந்த கட்டடம். முளையும் துளையுமாகக் கோத்த மரச்சட்டம், கழற்றி மாட்டலாம். அந்த ஊர் மழையும் புயலும் ஆற்று வெள்ளமும் கரையானும் சேர்ந்தால், கழற்றி மாட்டாமல் இருக்கவும் முடியாது. கடைசியாக 2021இல் மூடி, 2024 நவம்பரில் திறந்தார்கள். அந்தச் சிவப்பு, கடையில் வாங்கி அடித்த பெயின்ட் இல்லை. மரப்பாலில் செய்யும் மெருகு. ஒரு பூச்சு காய்ந்ததும் தேய்த்து, அதன்மேல் அடுத்த பூச்சு. நீங்கள் பழசைத் தேடினீர்கள். எனக்கு இந்தக் கைவேலை இன்னும் தெரிந்தவர்கள் இருப்பதுதான் பெரிதாகப் படுகிறது. அண்ணாந்து பார்த்தீர்களா? மேலே பலகைகளில் ஒரு கட்டத்தில் கவிதை, அடுத்த கட்டத்தில் சித்திரம் என்று மாறி மாறி வரும். குழுவோடு போனால் வழிகாட்டி அதற்கெல்லாம் நேரம் தரமாட்டார்.

சிம்மாசனம் நகல் என்பது சரி. 2025 மே மாதம் ஒருவர் அசல் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியை உடைத்துவிட்டார். அப்புறம் அசலை எப்படி வெளியே வைப்பது?

கோட்டைக் கடைசியில் நீங்கள் பார்த்த கியென் சுங் அரண்மனை விஷயத்தில் பாதி உங்கள் பக்கம்தான். மன்னர் காய் டின் 1920களின் தொடக்கத்தில் கட்டியது. 1947இல் அழிந்து, 2019இல் மறுபடி தொடங்கி, 2024இல் திறந்தது. பழைய அடித்தளத்தின் மேல் புதிய கட்டடம், ஒளித்து மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வெளிச்சுவரில் பீங்கான் சில்லுகளைப் பதித்துச் செய்த பூவேலையைப் பாருங்கள். காய் டின் சமாதியில் (கட்டி முடிக்க 11 வருஷம் ஆனது) சுவர் முழுக்க இதே வேலைதான். புது வேலை கிடைத்தால்தான் இந்தக் கை பழக்கத்தில் இருக்கும். அரசவை இசையான ந்யா ந்யாக்குக்கும் அப்படித்தான். அரசவையே போன பிறகும் வாசிக்கிறவர்கள் இருந்ததால்தான் 2003இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது.

புல்தரையை மட்டும் குறை சொல்லாதீர்கள். 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசி மன்னர் பாவோ தாய் நுழைவாயில் மாடத்தில் நின்று முத்திரையையும் வாளையும் ஒப்படைத்தார். இரண்டு வருஷத்துக்குள் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் உள்கோட்டையின் பெரும்பகுதி எரிந்துபோனது. 1968இல் வியட்நாம் போரில் தெருத் தெருவாக ஏறக்குறைய ஒரு மாதம் சண்டை. எல்லாவற்றையும் கட்டி நிரப்பிவிட்டால் இந்த இரண்டு போர்களும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். என் பயம் அதுதான். நீங்கள் ஹம்பியில் கண்ட உண்மை இங்கே அந்தப் புல்லில் இருக்கிறது.

சரி, யாரும் கைவைக்காத பழசு வேண்டுமென்றால் நுயென் மன்னர்களை வழிபடும் தே மியூ கோயில் முற்றத்துக்குப் போயிருக்க வேண்டும். மின் மாங் 1835இல் வார்க்கத் தொடங்கிய ஒன்பது வெண்கலக் குண்டான்கள், ஒவ்வொன்றும் ஆளுயரத்தைத் தாண்டும். ஒவ்வொன்றிலும் 17 புடைப்புச் சித்திரங்கள். ஜா லாங் பெயரிலான நடுக் குண்டானில் சூரியன், டிராகன், புலியோடு பலாப்பழமும் வெங்காயமும் வின் தே கால்வாயும் இருக்கின்றன. ஒரு நாட்டில் விளைவது, ஓடுவது, பறப்பது எல்லாம் ராஜ சின்னமாக ஏறியிருக்கிறது. கோயிலுக்குள்ளே மன்னர்களின் வழிபாட்டுப் பீடங்கள். பிரெஞ்சுக்காரர்கள் நாடு கடத்திய மூன்று மன்னர்களுக்கு மட்டும் அங்கே 1959இல்தான் இடம் கிடைத்தது.