சிப்பாய்க்குக் கண் வரைய வேண்டாம்

அன்புள்ள ஐயா,

தாராபுரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறேன். சில வருடங்களாக 1/72 அளவுப் பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டி வருகிறேன். வாங்கியதெல்லாம் நெப்போலியன் காலத்துப் பெட்டிகள். இப்போது அவற்றையே மாற்றி, ஓடாநிலைக் கோட்டைக்கு வெளியே தீரன் சின்னமலையின் ஆட்களும் கம்பெனிப் படையும் மோதும் காட்சி ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். எம்-சீல் பிசைந்து வேட்டியையும் தலைப்பாகையையும் நானே ஒட்டுகிறேன்.

கையில் வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் படம் எடுத்தால் அழுது வடிகிறது. கண்கள் பிதுங்குகின்றன, முகம் சாம்பல் பூத்திருக்கிறது, பின்வரிசை மங்கிப்போகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்தினால் இன்னும் மோசமாகிறது. துப்பாக்கி முனையில் வண்ணம் உரிந்தும் வருகிறது. கண்ணை நேர்த்தியாக வரைய எந்தத் தூரிகை வாங்கலாம்? கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்திலேயே வாழ்நாளைக் கழித்த என் மாமனார் நான் மேஜையில் உட்காரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தாராபுரம் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தூரிகை வாங்க வேண்டாம். கண் வரைவதை நிறுத்திவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் சிப்பாயின் உயரம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அவனை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறீர்கள். அவன் உண்மையான ஆளில் 72-ல் ஒரு பங்கு என்பதால், 30-ஐ 72-ஆல் பெருக்கினால் 2,160 சென்டிமீட்டர், அதாவது 22 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தெருவில் அந்தத் தூரத்தில் நிற்பவரைப் பார்த்தால் புருவத்துக்குக் கீழே ஒரு நிழல் தெரியும், அவ்வளவுதான். கருவிழியும் வெள்ளைவிழியும் பிரிந்து தெரியாது. தெரியாததை வரைந்தால் அது பிதுங்கத்தானே செய்யும்? அடர்ந்த பழுப்பைத் தண்ணீராகக் கரைத்துக் கண்குழியில் ஒரு சொட்டு விடுங்கள், போதும்.

அப்படியானால் போன் ஏன் பழிவாங்குகிறது? ஒற்றைச் சிப்பாயைத் திரை முழுக்க நிரப்புகிறீர்கள். 24 மில்லிமீட்டர் ஆள் 12 சென்டிமீட்டராகிவிடுகிறான், ஐந்து மடங்கு. 22 மீட்டரில் நிற்கவேண்டியவனை நாலேகால் மீட்டருக்கு இழுத்துவந்துவிட்டீர்கள். 22 மீட்டருக்காகத் தீட்டிய வண்ணம் அங்கே நிற்காது. அதைப் பார்த்துத் திருத்தினால், போனுக்காகத் தீட்டுகிறீர்கள் என்று பொருள்; கைக்கு எடுத்தால் கெட்டிருக்கும். ஓர் ஆளை மட்டும் பெரிதாகச் செய்து, இமை மயிர் வரை தீட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு கலை, அதற்கு உருவமும் பெரிதாக வேண்டும். ஓர் அங்குல உயர ஆள்மீது அந்த அளவுகோலைத் திணிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் வில்லியம் சைபோர்ன் செய்த வாட்டர்லூ போர்க்களம் இருக்கிறது. 1838-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. 70,000-க்கும் அதிகமான தகரச் சிப்பாய்கள், ஒவ்வொருவனும் சுமார் 10 மில்லிமீட்டர். எந்தச் சிப்பாயின் கண்ணையும் யாரும் தேடுவதில்லை; படை எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆகவே கூட்டமாகப் படம் எடுங்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரு சட்டத்துக்குள் வந்தால் திரையில் ஒவ்வொருவரும் ஏறக்குறைய உண்மையான உயரத்துக்கு இறங்கிவிடுவார்கள். போனை மூக்குக்கு மூக்கு வைக்காமல் பின்னுக்கு நகர்த்துங்கள். விலக விலகக் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும், பின்வரிசையும் தெளியும். தனி கேமரா கிடைத்தால் லென்ஸ் துவாரத்தை எஃப் 11 அளவுக்குச் சுருக்குங்கள் (எண் கூடினால் துவாரம் சிறுக்கும்). எஃப் 16-ஐத் தாண்டிச் சுருக்கினால் ஒளி சிதறிப் படம் முழுவதும் மழுங்கும்.

இன்னொன்று கேமராவின் உயரம். மேலிருந்து எடுத்தால் மேஜையில் வைத்த பொம்மைதான். நின்றுகொண்டிருக்கும் உங்கள் சிப்பாயின் கண் தரையிலிருந்து சுமார் 22 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. லென்ஸ் அங்கே போகவேண்டும். போனைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்துங்கள், லென்ஸ் தரையை ஒட்டிவிடும். அப்போதுதான் எதிர்வரிசைத் துப்பாக்கிகள் நம்மை நோக்கி வருவது தெரியும்.

வெளிச்சத்துக்கு வெள்ளைத் துணிக் கூடாரமும் இரண்டு விளக்கும் எல்லோரும் சொல்வார்கள். அதில் எடுத்தால் விற்பனைப் பட்டியல் படம் போலச் சுத்தமாக இருக்கும். உங்களுடையது கொங்கு நாட்டுப் பொட்டல். மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். நிழலின் ஓரம் எவ்வளவு கூர்மை, எவ்வளவு மங்கல் என்பது நிழல் விழும் தூரத்தைப் பொறுத்துச் சுருங்கும் என்பதால், 1/72 உலகத்துக்கும் சரியான அளவில் நிழல் போடுவது வெயில்தான். மேஜை விளக்கால் அது முடியாது. ஆடி மாதத்தில் மட்டும் மாடிப் பக்கம் போகாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலை இறக்கைகளையே சுற்றும் ஊரில் இருக்கிறீர்கள். பிளாஸ்டிக் படை பக்கத்து வீட்டு மாடியில் போய் முகாமிடும். சின்னமலை நினைவு நாளான ஆடி 18-க்குப் படம் தயாராக வேண்டுமென்றால் வைகாசியிலேயே எடுத்துவிடுங்கள்.

மண்ணுக்கு வருகிறேன். ஆற்று மணலைத் தூவியிருந்தால் தட்டிவிடுங்கள். 2 மில்லிமீட்டர் பரல் உங்கள் சிப்பாய்க்கு 14 சென்டிமீட்டர் கல், தடுக்கி விழுவான். செம்மண்ணைத் துணியில் சலித்துப் போடுங்கள். பனைமரத்தை எல்லோரும் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். 18 மீட்டர் பனை 25 சென்டிமீட்டர் வரவேண்டும், சிப்பாயைப் போலப் பத்து மடங்குக்கும் மேலே. கிளுவை வேலி ஐந்தடி என்றால் 21 மில்லிமீட்டர், ஏறக்குறைய கண் மட்டம். வேலிக்கு இந்தப் பக்கம் பதுங்குபவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவனும் அங்கே சந்திக்கிறார்கள், காட்சியின் நடுவே அதை வையுங்கள். வெள்வேல் மரத்தின் கிளை எந்த உயரத்தில் பிரியும், கோடையில் கொழுக்கட்டைப் புல் என்ன நிறத்துக்கு மாறும் என்பதெல்லாம் எந்த வழிகாட்டியிலும் கிடைக்காது. உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரியும். தலையில் அடித்துக்கொள்ளும் கையைப் பிடித்து மேஜைக்கு அழைத்துவாருங்கள்.

முகம் சாம்பல் பூப்பதற்குக் காரணம் வெள்ளை. ஐரோப்பியத் தோலுக்குச் சொன்ன முறையில் மேடான இடங்களை வெள்ளை கலந்து தூக்கியிருப்பீர்கள். நம் தோலுக்குப் பழுப்பில் காவியோ ஆரஞ்சோ கலந்துதான் வெளிச்சம் ஏற்றவேண்டும். வேட்டியிலும் தனி வெள்ளை வேண்டாம். வெளுக்காத பருத்தி மஞ்சள் சாய்ந்திருக்கும். பாளையக்கார ஆட்களுக்குச் சீருடை கிடையாது, ஆளுக்கொரு துவைப்பு, ஆளுக்கொரு அழுக்கு. ஒரே கிண்ணத்து வண்ணத்தில் இரண்டு பேருக்கு மேல் உடுத்தாதீர்கள்.

கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, வெள்ளைக் குறுக்குப்பட்டை என்று வேலை சுலபம். ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை. தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகைக்கும், தாடியும் நெற்றிக்குறியும் கூடாது என்பதற்கும் மதராஸ் படையில் உத்தரவு வந்தது அதற்குப் பிறகுதான்; 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடிக்க அதுவே முக்கியக் காரணம். உங்கள் காட்சி அதற்கு முந்தியது. ஆகவே உங்கள் சிப்பாய்க்குத் தாடி இருக்கலாம், நெற்றியில் திருநீறோ நாமமோ இருக்கலாம். கறுத்த நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று 22 மீட்டரிலும் பளிச்சென்று தெரியும். கண்ணுக்கு வைத்திருந்த தூரிகையை அங்கே செலவழியுங்கள்.

உரிவதைப் பற்றி. உங்கள் சிப்பாய்கள் மெழுகுத்தன்மையுள்ள வளையும் பிளாஸ்டிக், எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துக் காயவைத்து, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சுக் கொடுத்து, ஓர் இரவு விட்டு அதன்மேல் வண்ணம் ஏற்றுங்கள். வளைந்த துப்பாக்கியைச் சுடுநீரில் முக்கி நிமிர்த்திக் குளிர்ந்த நீரில் போடுவதை இதற்கெல்லாம் முன்பே செய்துவிட வேண்டும். வண்ணம் பூசிய பிறகு நிமிர்த்தினால் மறுபடியும் உரியும்.