மாணவர் குழுவாக ஜப்பான் போய் வந்தவர்களே, எதில் அதிகம் சிரமப்பட்டீர்கள்?

கல்லூரியிலிருந்து குழுவாகப் போகிறோம், எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானுக்குள் பெரிய சிரமம் எதுவும் வராது. திரும்பி வருவதற்குத் தயாராக இருங்கள். எங்களுக்கு அந்த ஒரு பயணம் மட்டும் 40 மணி நேரம் பிடித்தது.

நாங்கள் போனது 2024 மே மாதக் கடைசியில். மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் இரண்டு துறையும் சேர்ந்து 24 மாணவர்கள், ஒரு சார், ஒரு மேடம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து டோக்கியோ. அப்புறம் நகோயா, ஹிரோஷிமா, ஒசாகா என்று மொத்தம் ஒன்பது நாள். அப்போது 100 யென் நம் பணத்தில் சுமார் 53 ரூபாய். அதனால் கடைக்குள் நுழைந்ததும் எல்லாரும் விலையைப் பாதியாக்கி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே திரிந்தோம்.

சார் முதல் நாளே ஆளுக்கொரு நம்பர் கொடுத்துவிட்டார். நான் 14. ரயில் ஏறினால், இறங்கினால், கடைக்குள் போனால், வெளியே வந்தால் எண்ண வேண்டும். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனில் வாசல் மட்டுமே 200-க்கு மேல். அங்கே நின்று "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று நாங்கள் கத்தியதைத் திரும்பிப் பார்க்காமல் போனவர்களுக்கு உண்மையிலேயே பொறுமை அதிகம். ரயிலில் போனில்கூடப் பேசாத ஊர் அது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. சைவம் என்றால் சிரமம்தான். காய்கறி சூப் என்று நம்பிக் குடிப்பதில்கூட உலர்ந்த மீனில் எடுத்த சாறு இருக்கும். எங்களில் சைவம் ஐந்து பேர். அவர்கள் ஒன்பது நாளும் ஊறுகாய் பிளம் வைத்த சோற்று உருண்டையிலேயே உயிர் பிழைத்தார்கள். ஓனிகிரி என்பார்கள். அதன் உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும் வரிசையில் பிரித்தால் கடற்பாசித் தாள் மொறுமொறுவென்று இருக்கும். நாங்கள் நம் ஊர் பிஸ்கெட் பாக்கெட் மாதிரிக் கிழித்ததில் முதல் மூன்று நாளும் சோறு தனி, தாள் தனி. உறையைப் போடக் குப்பைத்தொட்டியும் கிடைக்காது. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் இருந்தவற்றில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். பையில் எப்போதும் ஒரு காலிக் கவர் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஜப்பான் என்றால் டோக்கியோ இல்லை, நகோயாதான். அங்கே டொயோட்டாவின் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. கார் பார்க்கலாம் என்று போனால், முதலில் தறி! டொயோட்டாவைத் தொடங்கிய குடும்பம் காருக்கு வந்தது பிற்பாடுதான். அந்தச் செங்கல் கட்டடமே சகிச்சி டொயோடா என்பவர் தறி சோதித்துப் பார்த்த பழைய ஆலை. 1924-இல் வந்த ஜி வகைத் தானியங்கித் தறியை அங்கே ஓட்டிக் காட்டுகிறார்கள்.

என் அப்பா ஈரோட்டுக்குப் பக்கத்தில் பள்ளிபாளையத்தில் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறார். குறுக்கே ஓடும் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் தறியை நிறுத்தி மாற்ற வேண்டும். நெடுக்கே போகும் பாவு இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் துணியில் கோடு விழுந்து, அந்தக் கெஜத்துக்குக் கூலி போச்சு. சின்ன வயதில் லீவு நாளில் இழை பார்க்க உட்கார்ந்து திட்டு வாங்கியவன் நான். நகோயாவில் ஒரு பெண் ஊழியர் ஓடுகிற தறியில் ஒரே ஒரு பாவு இழையைக் கையால் அறுத்தார். தறி தானாக நின்றது. ஊடை தீரப் போகிற நேரத்தில், அந்த நூலைச் சுமந்து ஓடும் நாடா தறி நிற்காமலே மாறியது. நூறு வருடத்துக்கு முந்தைய மிஷின்! இதன் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்கே விற்றிருக்கிறார்கள். தறி செய்து உலகத்துக்கே விற்ற கம்பெனி அது. நான் நான்கு நிமிடம் வீடியோ எடுத்தேன். சார் பின்னால் நின்று, "பாத்தீங்களாடா, நம்ம குரூப்பும் இப்படித்தான். ஒரு இழை அறுந்தா எல்லாரும் நிக்கணும்" என்றார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஹிரோஷிமா. அதைப் பற்றி நிறைய எழுத வராது. அருங்காட்சியகத்தில் ஒரு டிபன் பெட்டி இருக்கிறது, கட்டடம் இடிக்கிற வேலைக்கு அழைத்துப் போகப்பட்ட பள்ளிக்கூடத்துப் பையனுடையது. உள்ளே இருந்த சாப்பாடு கரியாகக் கிடக்கிறது. அன்று காலை 8:15-க்குக் குண்டு விழுந்தது, அவன் மதியத்துக்குச் சாப்பிட வைத்திருந்தது. வெளியே வந்ததும் எண்ணும்போது யாரும் கத்தவில்லை.

அன்று இரவு ஒசாகாவுக்குத் திரும்பவே நேரமாகிவிட்டது. பிறகு பெட்டி கட்டி, எடை பார்த்து, ஒருவன் சாமானை இன்னொருவன் பெட்டியில் திணித்து, படுத்தபோது மணி இரண்டு. காலை ஆறரைக்கு ஓட்டலை விட்டுக் கிளம்பினோம். விமானம் பதினொன்றுக்கு.

இங்கேதான் கேளுங்கள். ஒசாகா ஸ்டேஷனிலிருந்து கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் ரேபிட் ரயில் முழுசாக விமான நிலையத்துக்குப் போகாது. எட்டுப் பெட்டி. ஹினேனோ என்ற ஸ்டேஷனில் இரண்டாகக் கழற்றுவார்கள். முன்னால் இருக்கும் 1 முதல் 4 வரை விமான நிலையம் போகும். 5 முதல் 8 வரை வகாயாமா என்ற வேறு ஊருக்குப் போய்விடும். போர்டில் போட்டிருக்கிறார்கள், ஆங்கிலத்திலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஆனால் பெரிய பெட்டிகளோடு 26 பேர் ஒரே கதவில் ஏற முடியாது. சார் எங்களில் எட்டுப் பேரை இழுத்துக்கொண்டு ஆறாவது பெட்டியில் ஏறினார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டோம், சார் உட்பட.

என்னை எழுப்பியது எதிரே இருந்த ஒரு பாட்டி. எங்கள் பெட்டிகளைக் காட்டி "கூகோ? கூகோ?" என்றார். விமான நிலையத்துக்கு அவர்கள் மொழியில் கூகோ. நான் தலையாட்டியதும் பாட்டி பதறிப்போய், இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். ரயில் ஹினேனோவை விட்டுக் கிளம்பியிருந்தது. சார் முகத்தில் தெரிந்த அந்தக் கலரை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பிற்பாடு செமஸ்டர் ரிசல்ட் அன்றும் பார்த்ததில்லை. டிக்கெட் பைல் முழுக்க அவரிடம். எல்லாருக்கும் சேர்த்து வாடகைக்கு எடுத்த வைஃபை கருவி மேடத்திடம், முன்பாதி ரயிலில். அதனால் எங்கள் போன் ஒன்றுக்கும் உயிர் இல்லை.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினோம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படி ஏறி எதிர்ப்பக்கம் போய், ஹினேனோவுக்குத் திரும்பி, மறுபடி ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஆகப் போகிறது. கடலுக்கு நடுவே மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவில் அந்த விமான நிலையம். பாலத்தில் ரயில் போகும் காட்சி பிரமாதமாக இருக்கும் என்பார்கள். எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை. மேடம் கவுண்டர் அருகே நின்று ஒன்றிலிருந்து எண்ண வைத்துக்கொண்டிருந்தார். பதினான்கு வந்ததும் எல்லாரும் நிறுத்தியிருந்தார்கள். நான் ஓடிக்கொண்டே "பதினாலு!" என்று கத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சரி, விமானம் கிடைத்தது. ஏழு மணி நேரத்தில் கோலாலம்பூர், மாலை ஐந்து மணி. அடுத்த விமானம் மறுநாள் காலை எட்டரைக்கு. ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று கல்லூரியில் கூட்டம் போட்டு நாங்களே கைதட்டி முடிவு செய்த டிக்கெட் இது. இந்தியர்களுக்கு மலேசியாவில் அப்போது விசா தேவையில்லாததால் ஊர் சுற்றலாம் என்று நினைத்திருந்தோம். காலையில் நடந்ததற்குப் பிறகு சார் யாரையும் கண்ணைவிட்டு நகரவிடவில்லை. "நீங்க வெளிய போனா நான் இங்கயே உசுர விட்டுருவேன்" என்றார். தரையில் படுத்தோம். ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. டோக்கியோவில் வாங்கிய துண்டு, டிஷர்ட் எல்லாம் போர்வையானது.

ஒரே நல்லது, உணவுக்கூடத்தில் நம் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய். தட்டில் போட்டுப் பருப்புக் குழம்பை ஊற்றிய அண்ணன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊருலா தம்பி?" என்று தமிழில் கேட்டார். சைவக்காரர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு நாலு சாப்பிட்டார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். கேட்டதற்குக் குழம்பு காரம் என்றாள்.

காலை விமானம் நான்கு மணி நேரம் தாமதம். ஒன்பது நாளாக நிமிடம் தவறாத ரயிலில் போய்ப் பழகிவிட்டதால் எங்களுக்கு அது தாங்கவே இல்லை. திருச்சியில் இறங்கியபோது மதியம் இரண்டு, பெட்டி எடுத்து வெளியே வர மூன்றரை. காலையிலிருந்து காத்திருந்த கல்லூரி பஸ் டிரைவர் அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. குளித்தலையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். டோக்கியோவிலிருந்து ஒசாகா 515 கிலோமீட்டர், ஷிங்கன்சென் என்ற புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம். திருச்சியிலிருந்து ஈரோட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை, எங்களுக்கு மூன்றரை மணி நேரம். ஆனால் ஜன்னலைத் திறக்க முடிந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். கன்சாய் என்றால் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரிங்கு டவுனில் ஓட்டல்கள் உண்டு. கடைசி நாளுக்கு முந்தின நாள் தூர ஊர் எதையும் வைக்காதீர்கள். ராத்திரி முழுக்கக் காத்திருக்கும் டிக்கெட் மலிவு என்று யாராவது சொன்னால் கைதட்டாதீர்கள். டிக்கெட் நகல் இரண்டு பேரிடம் இருக்கட்டும், இன்டர்நெட்டும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். பெட்டி எண் 1 முதல் 4.

வீட்டுக்குள் நுழைந்தபோது இரவு ஏழரை. அம்மா "இளைச்சுப் போயிட்டயே கண்ணு" என்றார். உண்மையில் இரண்டு கிலோ ஏறியிருந்தேன். அப்பா தறிக்கூடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோயில், புல்லட் ரயில் போட்டோக்களைச் சீக்கிரமாகத் தள்ளிவிட்டு நகோயா வீடியோவைப் போட்டேன். "நாடா மாறுற எடத்த மறுபடி போடு" என்றார். போட்டேன். "இன்னொருக்கா." மூன்றாவது தடவையோடு எனக்கு நினைவில்லை.

எழுந்தபோது மறுநாள் மதியம் இரண்டு மணி. போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் அப்பா அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.